இணைய முகவரியில் மொழி எங்கே, நாடு எங்கே?

சென்னையில் ஒருவர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் தளத்தில் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றித் தமிழில் படிக்கிறார். விவரம் பிடித்துப்போகவே பக்கத்தின் இணைப்பை நகலெடுத்து, சூரிச்சில் இருக்கும் தங்கைக்கும் துபாயில் இருக்கும் மைத்துனருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். தங்கைக்குத் திறப்பது ஜெர்மன் பக்கம். மைத்துனருக்குத் திறப்பது அரபிப் பக்கம். மூவரும் தமிழர். மூவர் கையிலும் இருப்பது ஓர் எழுத்துகூட மாறாத ஒரே முகவரி. “தமிழில்தானே அனுப்பினேன்” என்று அண்ணன் சொல்வதும் உண்மை, “தமிழே வரவில்லையே அண்ணா” என்று தங்கை சொல்வதும் உண்மை. தங்கையின் போனில் ஒரு கோளாறும் இல்லை. தமிழ்ப் பக்கமும் சர்வரில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அந்தத் தமிழ்ப் பக்கத்துக்கென்று சொந்தமாக ஒரு முகவரி இல்லை, அவ்வளவுதான். பல மொழிகளில், பல நாடுகளுக்காக நடத்தப்படும் தளத்தின் முகவரிகளை எப்படி அமைப்பது என்பது தொழில்நுட்பக்காரர்களின் உள்வீட்டு விவகாரம் போலத் தோன்றும். ஆனால் அதில் நடக்கும் பிழைகள் வந்து விழுவது இப்படி வாசகர் தலையில்தான். அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை: மொழியையும் நாட்டையும் ஒன்றென எண்ணிவிடுவது.

சர்வர் எதை வைத்துத் தங்கைக்கு ஜெர்மன் என்று முடிவு செய்தது? அதற்குக் கிடைக்கும் தடயங்கள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் பிரவுசர் கூடவே அனுப்பும் மொழி விருப்பப் பட்டியல். “முதலில் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலம்” என்பதுபோல் அது இருக்கும். இன்னொன்று ஐ.பி. எண். எந்த நிறுவனத்தின் இணைப்பு வழியாக நீங்கள் வருகிறீர்கள் என்பதை அந்த எண் காட்டும். எண்களையும் நாடுகளையும் பொருத்தி வைத்த அட்டவணையைப் பார்த்தால் நாடு பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் தடயம் ஓரளவு நேர்மையானது. ஆனால் போனை வாங்கியபோது இருந்த ஆங்கில அமைப்பை மாற்றாதவர்களே நம்மில் அதிகம். ஆகவே, ஆயுள் முழுவதும் தமிழ் படிப்பவரின் பிரவுசரும் தனக்கு ஆங்கிலம்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டாவது தடயம் மொழியைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. ஒருவர் சுவிட்சர்லாந்தில் இருக்கிறார் என்பது தெரிந்தால் என்ன மொழி காட்டுவது? அந்த நாட்டுக்கே தேசிய மொழிகள் நான்கு: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமாஞ்சு. அங்கே குடியேறிய தமிழர்களின் மொழி அந்தக் கணக்கில் வராது. இந்தியாவை எடுத்துக்கொண்டால் ஐ.பி. எண்ணிலிருந்து மொழியைக் கணிப்பது ஜோசியம்தான்.

வலை உருவான காலத்தில் இந்தக் கணிப்பு நல்ல யோசனையாகவே கருதப்பட்டது. ஒரே முகவரி, உள்ளே பல மொழிப் பதிப்புகள், வருபவரின் விருப்பப்படி பொருத்தமான பதிப்பைச் சர்வர் எடுத்துக் கொடுக்கும் என்பது ஹெச்.டி.டி.பி. நெறிமுறையிலேயே இடம்பெற்ற ஏற்பாடு. டெபியன் லினக்ஸ் திட்டத்தின் தளம் இதை நெடுங்காலமாகப் பின்பற்றுகிறது. ஆனால் டெபியன்காரர்கள் ஒரு காரியத்தைச் சேர்த்துச் செய்தார்கள்: பொது முகவரி ஒன்று இருந்தாலும், ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும் மொழிக் குறியீடு ஒட்டிய தனி முகவரியும் உண்டு. பிரெஞ்சுப் பக்கத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால் அதன் தனி முகவரியை அனுப்பலாம். கணிப்பு தவறினாலும் வாசகர் மாட்டிக்கொள்வதில்லை. பின்னால் வந்த பல வணிகத் தளங்கள் கணிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தனி முகவரியை விட்டுவிட்டன. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரி மாறாமல் இருக்க வேண்டும் என்று 1998இலேயே வலியுறுத்தி எழுதினார். காலம் போனாலும் மாறக்கூடாது என்பது அவர் கவலை. ஆளுக்கு ஆள் மாறக்கூடாது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இது வெறும் விருப்பு வெறுப்பு இல்லை என்பதற்குச் சான்று தேடுபொறியிடம் இருக்கிறது. கூகுள் தன் தேடல் பட்டியலைத் தயாரிக்க வலை முழுவதும் மேய்ந்துவரும் நிரல் ஒன்றை வைத்திருக்கிறது. அந்த நிரல் பெரும்பாலும் அமெரிக்க ஐ.பி. எண்களிலிருந்தே வருகிறது என்றும், மொழி விருப்பப் பட்டியல் எதையும் அனுப்புவதில்லை என்றும் அந்த நிறுவனமே தளம் நடத்துவோருக்கான கையேட்டில் எழுதி வைத்திருக்கிறது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஐ.பி. எண்ணைப் பார்த்து மொழி மாற்றும் தளத்துக்குள் அந்த நிரல் எத்தனை முறை நுழைந்தாலும் அதற்குக் கிடைப்பது அமெரிக்கருக்கான ஆங்கிலப் பக்கம்தான். காசு செலவழித்து மொழிபெயர்த்த தமிழ்ப் பக்கம் ஒன்று இருப்பதே தேடுபொறிக்குத் தெரியாது. தெரியாத பக்கம் தேடலில் வராது. “தமிழில் போட்டோம், யாரும் படிக்கவில்லை” என்று சில நிறுவனங்கள் சலித்துக்கொள்வதை இதை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த புவித்தடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வாடிக்கையாளர் இருக்கும் நாட்டைக் காரணம் காட்டி, அவர் சம்மதம் இல்லாமல் ஒரு நாட்டுத் தளத்திலிருந்து இன்னொரு நாட்டுத் தளத்துக்கு அவரை வணிகர்கள் திருப்பிவிடக் கூடாது. பெல்ஜியத்தில் இருந்துகொண்டு ஜெர்மனித் தளத்தைப் பார்க்க நினைத்தால் பார்க்கலாம். அவர் சம்மதித்து இடம் மாறிய பிறகும் முதலில் தேடிவந்த தளத்துக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். ஆக, தளம் ஊகிக்கலாம், “உங்களுக்கு டச்சு வேண்டுமா?” என்று மேலே ஒரு பட்டையில் கேட்கலாம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

சரி, தனி முகவரி என்று முடிவானபின் மொழியையும் நாட்டையும் அதில் எங்கே எழுதுவது? மூன்று இடங்கள் உண்டு. ஒரு ஜவுளிக்கடையை நினைத்துக்கொண்டால் மூன்றும் எளிதாகப் பிடிபடும். வேறு ஊரில் தனி உரிமம் எடுத்து, தனிப் பெயர்ப்பலகை மாட்டித் திறப்பது முதல் வழி. இதுதான் ‘டாட் இன்’, ‘டாட் எல்கே’, ‘டாட் எஸ்ஜி’ என்று நாட்டுக்கு நாடு தனி டொமைன் வாங்குவது. அதே பெயரில், அதே கட்டடத்தில், ஆனால் தெருவிலிருந்து தனி வாசல் வைப்பது இரண்டாவது. டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு துண்டைச் சேர்க்கும் துணை டொமைன் இது. ஒரே வாசல், உள்ளே போனால் பட்டுக்கு ஒரு தளம், பருத்திக்கு ஒரு தளம் என்பது மூன்றாவது. டொமைன் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு எழுதும் கோப்புறை. வேறு ஊர்க் கடைக்கு அந்த ஊர்க்காரர்களிடம் நம்பிக்கை அதிகம், ஆனால் பெயரை அங்கே முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். உள்தளத்துக்கு அந்தக் கவலை இல்லை. கடையின் பெயர் முழுவதும் அதற்கும் சேரும். கேள்விக்குறி போட்டு மொழியை முகவரியின் வாலில் ஒட்டும் நான்காவது வழியும் உண்டு. கூகுளே பரிந்துரைக்காத வழி அது. அதோடு அதை விட்டுவிடலாம்.

நாட்டு டொமைன்களின் வரலாறு சுவையானது. 1980களில் இணையப் பெயர்களை நிர்வகித்த ஜான் போஸ்டல், எது நாடு, எது நாடில்லை என்று தீர்மானிக்கும் வம்பில் சிக்கிக்கொள்ள விரும்பவில்லை. பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. ஏற்கெனவே வைத்திருந்த ஈரெழுத்து நாட்டுக் குறியீட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்தக் கொள்கையை 1994இல் ஆவணமாகவும் எழுதி வைத்தார். இந்தியாவின் ‘டாட் இன்’ 1989இல் வந்தது. விதிவிலக்கு பிரிட்டன். அந்தப் பட்டியலில் அதன் குறியீடு ‘ஜி-பி’. ஆனால் 1985இலேயே ‘டாட் யூகே’ புழக்கத்துக்கு வந்துவிட்டதால் அதுவே நிலைத்துவிட்டது. இந்தச் சிறிய விதிவிலக்கு செய்யும் சேட்டையைப் பிறகு பார்க்கலாம்.

தனி நாட்டு டொமைனின் வலு உண்மையானது. ‘டாட் டிஇ’ என்று முடிந்தால் ஜெர்மானியருக்கானது என்று மனிதருக்கும் புரிகிறது, தேடுபொறிக்கும் புரிகிறது. கனடாவின் ‘டாட் சிஏ’, ஆஸ்திரேலியாவின் ‘டாட் காம் டாட் ஏயு’ போன்றவற்றை வாங்க அந்த நாட்டோடு சட்டபூர்வத் தொடர்பு வேண்டும். ஆகவே அந்த முடிவெழுத்துக்கு ஓர் உத்தரவாதமும் இருக்கிறது. விலை, வரி, கிடங்கு, திரும்பப் பெறும் விதி எல்லாமே நாட்டுக்கு நாடு மாறும் அமேசான் போன்ற வணிகத்துக்கு இது பொருந்துகிறது. இந்தியாவுக்கான அமேசான் தளம் 2020இல் தமிழில் வந்தபோதும் நாடு டொமைனில் இருந்தது, மொழி அதற்குள் ஒரு தேர்வாகவே வந்தது.

ஆனால் நாட்டு டொமைன் என்பது அந்த நாட்டின் தலைவிதியோடு கட்டிப்போட்ட முகவரி. யூகோஸ்லாவியா என்ற நாடு போனதும் அதன் ‘டாட் ஒய்யூ’ 2010இல் இணையத்திலிருந்தே நீக்கப்பட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும், பிரிட்டனில் மட்டுமே இருந்த நிறுவனங்கள் 2021 தொடக்கத்திலிருந்து ‘டாட் இயூ’ டொமைன் வைத்துக்கொள்ளும் தகுதியை இழந்தன. பல தளங்கள் ஒரே நாளில் இயங்காமல் நின்றன. சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்கு விட்டுக்கொடுக்கப்போவதாகப் பிரிட்டன் 2024இல் அறிவித்ததும், தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆசையாக வாங்கி வைத்திருந்த ‘டாட் ஐஓ’ என்னவாகும் என்ற கேள்வி கிளம்பியது. அது அந்தத் தீவுகளுக்கான குறியீடு என்பதே அதை வாங்கியவர்களில் பலருக்குப் புதுச்செய்தி. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய சான்றாகத் தெரிவது கூகுளின் நடத்தை. ஏறத்தாழ ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு டொமைன் வைத்திருந்த நிறுவனம் அது. எந்த டொமைனில் நுழைந்தாலும் ஆள் இருக்கும் இடத்துக்கேற்பவே தேடல் முடிவுகள் வரும் என்று 2017இல் மாற்றியது. 2025 ஏப்ரலில், நாட்டு டொமைன்களை எல்லாம் படிப்படியாக ‘கூகுள் டாட் காம்’முக்கே திருப்பிவிடப்போவதாக அறிவித்தது. மற்றவர்களுக்கு முகவரி அமைப்பில் பாடம் எடுக்கும் நிறுவனமே தன் வீட்டில் நாட்டுப் பெயர்ப்பலகைகளைக் கழற்றத் தொடங்கியிருக்கிறது.

துணை டொமைன் வழிக்கு எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரி தமிழுக்கான ‘டி-ஏ’ என்ற இரண்டெழுத்தில் தொடங்குகிறது. அதில் நாடு என்ற பேச்சே இல்லை. மதுரையிலிருந்து எழுதுபவரும் மட்டக்களப்பிலிருந்து எழுதுபவரும் டொராண்டோவிலிருந்து திருத்துபவரும் சேர்ந்து ஒரே கட்டுரையை வளர்க்கிறார்கள். இதையே நாட்டுவாரியாகப் பிரித்திருந்தால் நான்கு மெலிந்த தமிழ் விக்கிப்பீடியாக்கள் கிடைத்திருக்கும். தனித்தனிக் குழுக்கள் தனித்தனிச் சர்வர்களில் நடத்தும் தளங்களுக்குத் துணை டொமைன் வசதி. மற்றவர்களுக்குக் கோப்புறையே போதும். துணை டொமைனைவிடக் கோப்புறைக்குத் தேடுபொறி அதிக மதிப்புத் தருகிறது என்று விளம்பர ஆலோசகர்கள் சத்தியம் செய்வார்கள். இரண்டும் சரிதான் என்பதே கூகுள் வெளிப்படையாகச் சொல்வது. நான் கோப்புறையை விரும்புவது பராமரிப்புச் சுலபத்துக்காக. பி.பி.சி. தன் டொமைனுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ‘தமிழ்’, ‘இந்தி’ என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களையே முழுதாக எழுதிவிடுகிறது. குறியீட்டுக் குழப்பமே வராது. செர்பிய மொழிக்கு லத்தீன் எழுத்துக்கு ஒன்று, சிரில்லிக் எழுத்துக்கு ஒன்று என இரண்டு முகவரி வைத்திருக்கிறது, ஏனென்றால் ஒரே மொழியை அந்த மக்கள் இரண்டு எழுத்திலும் படிக்கிறார்கள். நாடும் வேண்டும், மொழியும் வேண்டும் என்கிற நிறுவனத்துக்கு ஐகியாவின் முகவரி நல்ல மாதிரி: ஒரே ‘டாட் காம்’, முதல் சாய்கோட்டுக்குப் பின் நாடு, அடுத்த சாய்கோட்டுக்குப் பின் மொழி. சுவிட்சர்லாந்துக்குள் ஜெர்மன் ஒரு கோப்புறை, பிரெஞ்சு ஒரு கோப்புறை. இரண்டும் வேறு வேறு விஷயம் என்பது முகவரியைப் பார்த்தாலே தெரிகிறது.

அது தெரியாமல் இரண்டையும் ஒரே இடத்தில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈரெழுத்துக் குறியீடுகளையே பார்க்கலாம். நாடுகளுக்கு ஒரு பட்டியல், மொழிகளுக்கு வேறொரு பட்டியல். இரண்டிலும் இரண்டே எழுத்து. ஆகவே மோதல் தவிர்க்க முடியாதது. பிரிட்டனுக்கு என்று நினைத்துக் கோப்புறைக்கு ‘யூ-கே’ என்று பெயர் வைத்தால், மொழிப் பட்டியலில் அது உக்ரைனிய மொழி. ‘எஸ்-ஐ’ மொழியானால் சிங்களம், நாடானால் ஸ்லோவேனியா. ‘எம்-ஒய்’ நாடானால் மலேசியா, மொழியானால் பர்மியம். ‘எஸ்-ஜி’ சிங்கப்பூர் என்று நமக்குத் தெரியும். மொழிப் பட்டியலில் அது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பேசப்படும் சாங்கோ. ‘எம்-எல்’ மலையாளமாகவும் இருக்கலாம், மாலி நாடாகவும் இருக்கலாம். ‘ஐ-என்’ இன்று இந்தியா மட்டும்தான், ஆனால் 1989 வரை இந்தோனேசிய மொழியின் குறியீடும் அதுவே. ஜாவா நிரல்மொழி அந்தப் பழைய குறியீட்டை 2021 வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மொழியைச் சிறிய எழுத்திலும் நாட்டைப் பெரிய எழுத்திலும் எழுதுவது மரபு. ஆனால் முகவரிகளில் எல்லாமே சிறிய எழுத்தில் எழுதப்படுவதால் அந்த அடையாளமும் போய்விடுகிறது. தமிழர் வாழும் நாடுகளை வைத்து ஒரு நிறுவனம் கோப்புறை அமைத்தால் இந்த மோதல்களில் பாதியை நேரில் சந்திக்கும்.

பதிப்புகள் இன்னின்னவை என்று தேடுபொறிக்குச் சொல்ல ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. 2011 டிசம்பரில் கூகுள் அறிமுகம் செய்த அந்தக் குறிப்பை மொழிச்சுட்டு என்று அழைக்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும், வாசகர் கண்ணுக்குப் படாமல், “இதே பக்கத்தின் தமிழ்ப் பதிப்பு இந்த முகவரியில், பிரெஞ்சுப் பதிப்பு அந்த முகவரியில்” என்று எழுதி வைப்பது. இதில் மொழி கட்டாயம், நாடு விருப்பம். நாட்டை மட்டும் எழுதினால் செல்லாது. பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு ‘யூ-கே’ என்று எழுதினாலும் செல்லாது, ‘ஜி-பி’ என்றே எழுத வேண்டும். தளங்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை இதுதான். எந்த மொழியிலும் அடங்காதவருக்குக் காட்ட வேண்டிய பொதுப் பக்கத்தைச் சுட்டும் வசதி 2013இல் சேர்ந்தது. முக்கியமான விதி, சுட்டு இருபுறமும் இருக்க வேண்டும் என்பது. தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால் ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைத் திரும்பச் சுட்ட வேண்டும். இல்லையென்றால், யார் வேண்டுமானாலும் பிரபலமான தளத்தின் தமிழ்ப் பதிப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாமே!

இந்த விதியிலிருந்து ஒரு கணக்கு பிறக்கிறது. நான்கு நாடுகள், நாடு ஒன்றுக்கு நான்கு மொழிகள் என்றால் ஒரு பக்கத்துக்குப் பதினாறு பதிப்புகள். ஒவ்வொன்றும் தன்னையும் சேர்த்துப் பதினாறையும் சுட்ட வேண்டும். ஆக, ஒரே ஒரு பக்கத்துக்கு 256 சுட்டுகள். ஒரு கோப்புறையின் பெயரை மாற்றினால் இத்தனையும் சரிபார்க்கப்பட வேண்டும். நாட்டுவாரியாகப் பிரிப்பது கௌரவமாகத் தெரிகிறது என்பதற்காகப் பிரிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. உள்ளடக்கம் உண்மையில் வேறுபடாமல் நான்கு தமிழ்ப் பக்கங்கள் இருந்தால், தேடுபொறி அவற்றை ஒன்றின் நகல்களாகக் கருதி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் வாய்ப்பே அதிகம்.

அப்படியானால் நாட்டைச் சேர்ப்பதே வீண் என்று பொருளா? இல்லை. போர்ச்சுகலின் போர்ச்சுகீசியமும் பிரேசிலின் போர்ச்சுகீசியமும் ஒரே பக்கத்தில் இரு தரப்பையும் திருப்திப்படுத்தா. தமிழிலும் இதற்கு இடம் உண்டு. கணினிகளுக்கான வட்டார வழக்குகளைத் தொகுக்கும் யூனிகோட் தரவுத்தொகுப்பில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு தமிழ் அமைப்புகள் இருக்கின்றன. இந்தியாவில் ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுதுகிறோம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் 100,000 என்று எழுதுவர். ரூபாய் என்று மொட்டையாகப் போட்டால் கொழும்பில் ஒரு தொகை, கோவையில் வேறொரு தொகை. விலை, சட்டம், கிடைக்கும் பொருள் ஆகியவை மாறும் பக்கத்துக்கு நாடு வேண்டும். ரத்த அழுத்தம் பற்றிய விளக்கத்துக்கோ சமையல் குறிப்புக்கோ நாடு எதற்கு? ஒரே தளத்துக்குள்ளும் கடைப்பகுதியை நாடு, மொழி என இரண்டாலும் பிரித்து, கட்டுரைப் பகுதியை மொழியால் மட்டும் பிரிக்கலாம். நாட்டு டொமைனை நம்பிக்கைக்காக விரும்புபவர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, நுழைபவரை அந்த நாட்டுக் கோப்புறைக்கு அனுப்பலாம். அந்த டொமைனைத் தேடி வந்தவர் நாட்டைத் தானே தேர்ந்தவர் என்பதால் இதில் வற்புறுத்தல் இல்லை.

இன்னொரு மறுப்பு: இப்போது யார் முகவரியைப் பார்க்கிறார்கள்? செயலியில் தொடுகிறோம், தேடலில் தொடுகிறோம். போனில் பிரவுசரே முகவரியைச் சுருக்கித்தான் காட்டுகிறது. கண்ணால் படிப்பவர் குறைந்தது உண்மை. ஆனால் தொடும் ஒவ்வொரு இணைப்புக்குள்ளும் இருப்பது அந்த முகவரிதான். வாட்ஸ்அப்பில் போவது அது. தேடுபொறி மனப்பாடம் செய்து வைப்பது அது. தளங்களைப் பிரதியெடுத்துப் பாதுகாக்கும் இணைய ஆவணக் காப்பகம் ஒரு பக்கத்தை அடுக்கி வைப்பது அந்த முகவரியின் கீழ்தான். தனி முகவரி இல்லாத தமிழ்ப் பக்கம் அங்கே ஆங்கிலப் பக்கத்தின் மறைவில் காணாமல் போகும்.

முகவரியையே தமிழெழுத்தில் எழுதினால் என்ன என்று கேட்கலாம். முடியும், ஆனால் இடத்துக்கு இடம் கதை வேறு. டொமைன் பெயரில் தமிழ் எழுத்தை அனுமதிக்கும் சோதனையை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2007இல் நடத்தியபோது, தேர்ந்தெடுத்த பதினொரு மொழிகளில் தமிழும் ஒன்று. சோதனை முகவரி ‘உதாரணம்.பரிட்சை’. பிறகு ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ ஆகிய மூன்று தமிழ் முடிவுகள் முறைப்படி வந்தன. தமிழ் முடிவெழுத்து மூன்று நாடுகளுக்கு இருக்கிறது, தமிழ் மொழிக்கென்று இல்லை என்பதைக் கவனியுங்கள். கட்டலான் மொழிக்கு ‘டாட் கேட்’ என்று ஒரு முடிவெழுத்தை 2005இலேயே வாங்கிவிட்டார்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் தமிழ் எழுதுவதில் வேறொரு சிக்கல். பிரவுசரில் அழகாகத் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் சதவீதக் குறிகளின் ஊர்வலமாக மாறிவிடும். காரணம் எளிது. கணினிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிகிறது. ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லில் துணைக்கால், புள்ளி எல்லாம் சேர்த்துப் பதினொரு குறிகள்; பதினொன்றும் 33 பைட்டாகி 99 எழுத்தாக நீள்கிறது. அந்த ஊரின் ஆங்கிலப் பெயரை எழுதினால் ஆறு. இது தமிழின் குறை இல்லை, முகவரி விதிகள் எழுதப்பட்ட காலத்தின் குறை. கனடா அரசின் தளத்தில் பிரெஞ்சுப் பக்கங்களின் முகவரி முழுக்கப் பிரெஞ்சுச் சொற்களிலேயே இருக்கிறது. அந்த மரியாதை தமிழுக்கும் வேண்டும் என்று நினைப்பவர்கள், நீளத்தைத் தெரிந்துகொண்டு தலைப்பைச் சுருக்கமாக வைக்கலாம்.

மொழி மாற்றும் பொத்தானிலும் இதே குழப்பம் தலைகாட்டுகிறது. மொழிக்கு அடையாளமாகக் கொடியைப் போடும் தளங்கள் தமிழுக்கு எந்தக் கொடியைப் போடும்? ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதினால் தீர்ந்தது. அந்தப் பொத்தானை அழுத்தினால் படித்துக்கொண்டிருந்த அதே பக்கத்தின் தமிழ்ப் பதிப்பு வர வேண்டும். பல தளங்கள் முகப்புப் பக்கத்துக்குத் தூக்கி எறிந்து, முதலிலிருந்து தேட வைக்கின்றன. மொழிச்சுட்டு ஒழுங்காக எழுதப்பட்ட தளத்தில் இந்தப் பொத்தானுக்கு வேண்டிய முகவரி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

உங்கள் நிறுவனத்துக்கோ சங்கத்துக்கோ பள்ளிக்கோ பன்மொழித் தளம் கட்டித் தருகிறவர்களிடமிருந்து வேலையை ஏற்றுக்கொள்ளும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து, முகவரியை நகலெடுத்து, பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் ஒட்டுங்கள். முடிந்தால் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் அதே பக்கம் தமிழிலேயே வந்தால் பணத்தைக் கொடுக்கலாம். வராவிட்டால், நிறத்தையும் படங்களையும் பற்றிப் பேசுவதற்கு முன் முகவரியைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.